அடித்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் கோபப்படுவோமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணையைக் கொடுமை செய்வது ஆணா பெண்ணா என்று பார்த்து நாம் இரட்டை அளவுகோல் வைக்கிறோம் என்ற பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "பெண்கள் படுற பாட்டை விட்டுட்டு ஆண்களுக்கு வக்காலத்தா?" என்று ஒரு பக்கம். "பாத்தீங்களா, உண்மையான கொடுமைக்காரங்க பெண்கள்தான்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் என்னிடம் கேட்டவற்றையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

இரட்டை அளவுகோல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதேதான். உடைந்தது ஒரே குடம், உடைத்த கை யாருடையது என்று பார்த்த பிறகுதான் நாம் விலை போடுகிறோம். மனைவியின் போனைக் கணவன் தினமும் வாங்கிப் பார்த்தால் அவன் சந்தேகப் பேய். அதையே மனைவி செய்தால் "அவ்வளவு பாசம், விட்டுக்கொடுக்க மாட்டா". இது பெண் பக்கமாக மட்டும் சாய்வது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் தட்டை விட்டெறியும் ஆணுக்கு "கோபக்காரர்தான், ஆனா மனசு தங்கம்" என்ற சான்றிதழ் கிடைக்கும், அதே தட்டை எறிந்த பெண் ராட்சசி, பஜாரி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடந்த காரியத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் புகார்.

ஒரு ஆண் அடி வாங்கினால் ஜனங்கள் உண்மையிலேயே சிரிக்கிறார்களா?

2014இல் ஆண்களுக்கான ஒரு பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு லண்டனில் பொது இடத்தில் நடிகர்களை வைத்து ஒளித்து வைத்த கேமராவில் ஒரு வீடியோ எடுத்தது. ஆண் பெண்ணைப் பிடித்துத் தள்ளும்போது போகிறவர்கள் வருகிறவர்கள் குறுக்கே வந்து தடுக்கிறார்கள், பெண் ஆணைத் தள்ளும்போது நின்று வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். உலகமே பகிர்ந்தது. அப்புறம், வெவ்வேறு நேரத்தில் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று விமர்சனம் வந்தது, நியாயமான விமர்சனம்தான். அதனால் அந்த வீடியோவை நான் ஆதாரமாக வைப்பதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை, ஏனென்றால் சிரித்த கூட்டத்தில் நானே இருந்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒருவர் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஒரு நாள் மதியம் கை கழுவ சட்டைக் கையை மடித்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு கோடு, பக்கத்தில் பக்கத்தில், நகக் கோடு. ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. "என்னப்பா, வீட்ல பூனை வளக்கிறியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், "ஆமா, பெரிய பூனை" என்றார். ஆனால் அவர் சிரித்தது எங்களுக்கு அரை நொடி கழித்து, எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு. ஈரக் கையோடு சட்டைப் பொத்தானைப் போட முயன்று இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவைதான் போட்டார். கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்தக் கை ஒரு பெண்ணுடையதாக இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம். அதே சமயம் நேரில் கேட்டும் இருக்க மாட்டோம், முதுகுக்குப் பின்னால் குசுகுசுத்துவிட்டு "அவங்க குடும்ப விஷயம்" என்று எழுந்து போயிருப்போம். நம் யோக்கியதை அவ்வளவுதான்.

பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்கள்தானே, பிறகு ஏன் இந்தப் பேச்சு?

ஆமாம், அதில் வாதத்துக்கே இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார். கொலைக் கணக்கு இன்னும் தெளிவு. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கொலையான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ காதலனோதான். ஆண்களில் அதுபோலத் துணையின் கையால் இறந்தவர்கள் சுமார் 6 சதவீதம். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கொலையாகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான், ஆனால் அவர்களைக் கொல்வது பெரும்பாலும் இன்னொரு ஆண், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

சரி, மறுபக்கம். இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பில் 2020 மார்ச்சுடன் முடிந்த ஒரு வருடத்தில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் என்று மதிப்பிடப்பட்ட பெண்கள் 16 லட்சம், ஆண்கள் 7 லட்சத்து 57 ஆயிரம். மூன்றில் ஒருவர் ஆண். அதிகம் பேர் பெண்கள் என்பதால் மீதி ஏழரை லட்சம் பேரும் இல்லாமல் போய்விடுவார்களா? ஒரு நோய் ஒரு பாலினத்தை அதிகம் தாக்கினால், மற்ற பாலினத்து நோயாளி வரும்போது மருத்துவர் சிரிப்பதில்லை.

ஆணும் பெண்ணும் சம அளவில் அடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே?

இந்தக் கேள்வியில்தான் இரண்டு பக்கமும் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும், அதனால் கொஞ்சம் பொறுமையாக.

1975இல் அமெரிக்காவில் முர்ரே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் ஜெல்லஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் குடும்பங்களுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். கடந்த ஒரு வருடத்தில் தள்ளினீர்களா, அறைந்தீர்களா, எதையாவது எறிந்தீர்களா என்று வரிசையாகக் கேட்டு எண்ணுவதுதான் முறை. பதிலில் மனைவிகளும் கணவர்களும் ஏறத்தாழ சம அளவில் வந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த சுசான் ஸ்டைன்மெட்ஸ் "அடி வாங்கும் கணவர்கள்" பற்றி எழுதியபோது அவருக்கு மிரட்டல்கள் வந்தன. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் பெண்களுக்காகக் காப்பகம் தொடங்கிய எரின் பிஸ்ஸி, அங்கே வந்த பெண்களில் பலரும் தாங்களே கை நீட்டக்கூடியவர்களாக இருந்தார்கள் என்று சொன்னபோதும் அதே கதைதான். ஒருவர் சொல்வது தவறு என்றால் தவறு என்று காட்டலாம். மிரட்டுவது எந்த வகைப் பதில்?

இப்போது எதிர்த்தரப்பின் நியாயம். எத்தனை அறை என்று எண்ணினால் அறைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஒருவர் தள்ளியது தப்பிப்பதற்காக இருக்கலாம், இன்னொருவர் தள்ளியது மாடிப்படியில் நின்றபோதாக இருக்கலாம். கணக்கில் இரண்டும் "தள்ளினார், ஒரு முறை". 2000இல் ஜான் ஆர்ச்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். துணையின் மீது ஏதோ ஒரு தடவையாவது கை வைத்தவர்களில் பெண்கள் ஒரு துளி அதிகம், காயப்பட்டவர்களில் 62 சதவீதம் பெண்கள். இரண்டும் ஒரே ஆய்வில் இருக்கின்றன. முதல் பாதியை ஒரு கட்சி மேற்கோள் காட்டும், இரண்டாம் பாதியை மறு கட்சி.

எனக்குத் தெளிவு தந்தது 1995இல் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் செய்த பிரிப்பு. சண்டை முற்றிக் கைகலப்பாகும் வீடுகள் ஒரு வகை, அங்கே இருவரும் அடிப்பதுண்டு. ஒருவர் இன்னொருவரின் பணம், நட்பு, போக்குவரத்து, மூச்சு எல்லாவற்றையும் பிடியில் வைத்து அச்சத்திலேயே வாழ வைக்கும் வீடுகள் இன்னொரு வகை, அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றார். கணக்கெடுப்பில் அதிகம் சிக்குவது முதல் வகை, காப்பகத்துக்கு ஓடி வருகிறவர்கள் இரண்டாம் வகை. யானையின் காலைத் தடவியவரும் வாலைத் தடவியவரும் சண்டை போட்ட கதைதான் இருபது வருடமாக நடந்தது.

பெண் அடித்தால் அப்படி என்ன பெரிதாக வலித்துவிடும்?

கொதிக்கும் தண்ணீருக்குப் பலசாலி கை தேவையில்லை. 2018இல் இங்கிலாந்தில் லூட்டன் நீதிமன்றம் ஒரு இளம்பெண்ணுக்கு ஏழரை வருட சிறைத்தண்டனை கொடுத்தது. கூட வாழ்ந்த இளைஞரைக் கத்தியால் கீறி, வெந்நீர் ஊற்றி, சாப்பாடு மறுத்து, வீட்டாரிடமிருந்து பிரித்து வைத்திருந்தார். இன்னும் சில நாள் போயிருந்தால் அந்த இளைஞர் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். துணையை அடக்கி ஆள்வதையே தனிக் குற்றமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனை பெற்ற முதல் பெண் இவர்தான் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த இளைஞர் அவரைவிட உயரமாக இருந்திருந்தால் என்ன, குட்டையாக இருந்திருந்தால் என்ன. வெளியே பார்ப்பவர்கள் தோளை அளக்கிறார்கள், உள்ளே நடப்பது தோள் விஷயமே இல்லை.

"ஆணையும் பெண்ணையும் மாற்றிப் போட்டுப் பார்" என்கிறார்களே, அது சரியான சோதனையா?

பாதி சரி. ஒரு செயல் தப்பா இல்லையா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நண்பர்கள் முன்னால் ஒருத்தி தன் கணவனை "இவனுக்கு ஒண்ணுக்கும் துப்பில்லை" என்று சொல்லித் தலையில் தட்டுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். இடத்தை மாற்றிப் போடுங்கள், அறை அமைதியாகிவிடும். ஆக, முதல் தடவையும் சிரித்திருக்கக் கூடாது.

ஆபத்து எவ்வளவு என்பதை இது சொல்லாது. கழுத்தை நெரிப்பதாக மிரட்டுவது இருவர் வாயிலும் ஒரே வாக்கியம். அதைச் செய்து முடிக்கும் உடல்பலம் யாருக்கு இருக்கிறது, கையில் பணமில்லாமல் குழந்தையோடு வெளியேற முடியாதவர் யார் என்பதெல்லாம் பாலினம் மாறும்போது மாறும், ஆளுக்கு ஆளும் மாறும். தப்பு என்று தீர்மானிப்பதும் யாரை முதலில் பத்திரமாக வெளியே கொண்டுவருவது என்று தீர்மானிப்பதும் இரண்டு வேலை. இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் அதிகம்.

சிறுவர்கள் விஷயத்திலும் இப்படியா?

எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இங்கேதான். 1990களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 34 வயது ஆசிரியை, தன் 12 வயது மாணவனிடம் உறவு வைத்துக்கொண்டார். சட்டம் அதைச் சிறுவர் வன்புணர்வு என்றது, அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊடகங்களில் கணிசமானவை அதைக் காதல் கதையாக, தடை செய்யப்பட்ட ரொமான்ஸாக எழுதித் தள்ளின. ஆசிரியர் ஆணாகவும் மாணவி 12 வயதுப் பெண்ணாகவும் இருந்தால் "காதல்" என்ற சொல்லை எந்தப் பத்திரிகை அனுமதிக்கும்? "கொடுத்து வச்சவன்டா" என்று செய்திக்குக் கீழே எவன் எழுதுவான்?

கான்சாஸ் மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 12 வயதுப் பையனை, அவனைப் பார்த்துக்கொள்ள வந்த பதின்வயதுப் பெண் உறவுக்கு இழுத்தாள். அவனுக்கு 13 வயதிருக்கும்போது கர்ப்பமானாள். அவன் சம்மதம் தரும் வயதில் இல்லை என்று சட்டம் சொன்னாலும், குழந்தைக்கு ஜீவனாம்சம் அவன் கொடுக்கத்தான் வேண்டும் என்று 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த குழந்தையின் உரிமை வேறு விஷயம் என்ற தர்க்கம் எனக்குப் புரிகிறது. அந்தப் பையனின் தரப்பில் நின்று யோசிக்கும்போது புரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் சற்று மேல், 52.94 சதவீதம், பையன்கள். 2012இல் வந்த போக்சோ சட்டம் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. வீடுகள் இன்னும் பார்க்கின்றன. பெண் பிள்ளைக்கு "யார் தொட்டாலும் சொல்லு" என்று சொல்லித் தருகிறோம், பையனுக்கு "பொட்டப்புள்ள மாதிரி அழாதே" என்று சொல்லித் தருகிறோம். அப்புறம் அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறோம்.

சட்டமே பாரபட்சமாக இருக்கிறதா?

நாட்டுக்கு நாடு, சட்டத்துக்குச் சட்டம் வேறு. 1927இலிருந்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் குற்றக் கணக்கில் வன்புணர்வு என்றால் பெண்ணின் மீது பலவந்தமாக நடப்பது என்றே வைத்திருந்தது. ஆண்களையும் சேர்த்து மாற்றி எழுதுவதாக அறிவித்தது 2012இல். 85 வருடம் ஓர் ஆணுக்கு நடந்தது அந்தத் தலைப்பின் கீழ் எண்ணப்படவே இல்லை. எண்ணாதது இல்லாதது ஆகிவிடும், அதுதான் கணக்கின் குணம். மறுபக்கம் பார்த்தால், மனைவியை வன்புணர்ந்த கணவனுக்கு இங்கிலாந்தில் 1991 வரை சட்டப் பாதுகாப்பு இருந்தது, இந்தியச் சட்டத்தில் அந்த விதிவிலக்கு இன்னும் இருக்கிறது. சட்டம் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்று யார் சொன்னாலும் பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

பெண்களுக்குத் தண்டனை குறைவாகக் கிடைப்பது உண்மையா?

அமெரிக்க மத்திய நீதிமன்ற வழக்குகளை எடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சோனியா ஸ்டார் 2012இல் செய்த ஆய்வில், ஒரே மாதிரியான குற்றத்துக்குக் கைதானவர்களில் ஆண்களுக்குச் சராசரியாக 63 சதவீதம் நீண்ட தண்டனை கிடைத்திருந்தது. எல்லா வகைக் குற்றங்களும் சேர்ந்த கணக்கு இது, குடும்ப வன்முறை மட்டுமில்லை. ஆனால் போக்கு தெரிகிறது.

அப்படியானால் இந்த இரட்டை அளவுகோலில் லாபம் பெண்களுக்குத்தானே?

இல்லை. பெண் பாவம், பலவீனமானவள், அவளால் யாரையும் எதுவும் செய்ய முடியாது என்ற நினைப்புதான் அடிக்கிற பெண்ணைக் காப்பாற்றுகிறது. அடி வாங்குகிற பெண் அந்த நினைப்புக்கு ஏற்ற மாதிரி நடக்காவிட்டால் அதே நினைப்பு அவளைக் கைவிட்டுவிடும். அழுதால்தான் நம்புவார்கள். திருப்பி அடித்தவள், கெட்ட வார்த்தை பேசுபவள், குடிப்பவள் என்றால் "அவளும் லேசுப்பட்டவ இல்லை" என்று கதை முடிந்தது.

கிரண்ஜித் அலுவாலியா வழக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் பத்து வருடம் கணவனிடம் அடியும் சூடும் பட்டவர். 1989இல் அவன் தூங்கும்போது தீ வைத்தார், அவன் இறந்தான், இவருக்குக் கொலைக்குற்றத்தில் ஆயுள் தண்டனை. இறந்தவர் தூண்டியதால்தான் நிதானம் இழந்து கொன்றேன் என்று சொல்லிக் கொலைக்குற்றத்தைக் குறைக்கக் கேட்கும் ஆத்திரமூட்டல் வாதம் அன்றைய சட்டத்தில் இருந்தது, ஆனால் அந்த நொடியே நிதானம் இழந்திருக்க வேண்டும். மனைவியின் தொடர்பைக் கண்டுபிடித்து அங்கேயே கொன்ற கணவனுக்கு அந்த வாதம் அளவெடுத்துத் தைத்த சட்டை. பலசாலியான ஆளை விழித்திருக்கும்போது எதிர்க்க முடியாமல் காத்திருந்தவளுக்கு அது பொருந்தவில்லை. 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது, அதுவும் அவருடைய மனநிலை பாதிப்பைக் காட்டித்தான். ஆத்திரமூட்டல் வாதம் சட்டத்திலிருந்து முழுதாக நீங்க 2010 ஆனது. அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆணின் கோபத்தை அளவாக வைத்துச் சட்டம் தைத்திருந்தார்கள் என்கிறேன்.

ஜானி டெப் – ஆம்பர் ஹெர்ட் வழக்கு ஆண்களுக்குக் கிடைத்த வெற்றி இல்லையா?

ஹாலிவுட் நடிகர்களான இந்த முன்னாள் தம்பதி ஒருவர் மேல் ஒருவர் கொடுமைப் புகார் சொல்ல, அது அவதூறு வழக்குகளாக நீண்டது. 2020இல் லண்டன் நீதிபதி டெப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார், 2022இல் வர்ஜீனியாவில் நடுவர் குழு பெரும்பாலும் அவர் பக்கம் நின்றது, ஹெர்ட்டுக்கும் ஒரு கோரிக்கையில் இழப்பீடு கொடுத்தது. எந்தத் தீர்ப்பை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதை வைத்து அவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். சாட்சிக் கூண்டில் ஒரு பெண் அழுவதை வெட்டி நகைச்சுவை வீடியோவாகப் போட்ட கூட்டத்தை ஆண்களின் வெற்றி என்று என்னால் கொண்டாட முடியாது. முழுக்கைச் சட்டைக்காரரைப் பார்த்து நாங்கள் சிரித்த அதே சிரிப்பு அது.

இருவரும் பெண்கள் அல்லது இருவரும் ஆண்கள் என்றால்?

அளவுகோலே உடைந்துவிடும், அதனால் பேசாமலே இருந்துவிடுகிறோம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், துணையால் வன்புணர்வு, உடல் வன்முறை அல்லது பின்தொடர்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் லெஸ்பியன் பெண்களில் 43.8 சதவீதம், எதிர்பாலினத்தவரை விரும்பும் பெண்களில் 35 சதவீதம். அந்த லெஸ்பியன் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்குக் கொடுமை செய்தது பெண்கள் மட்டுமே என்றார்கள். "பெண் அப்படிச் செய்ய மாட்டாள்" என்று இவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆண்களுக்கும் காப்பகம் வேண்டும் என்றால் பெண்களின் காசைப் பிடுங்குவதாகாதா?

பிடுங்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 2008இல் ஆம்ஸ்டர்டாம் உள்ளிட்ட நான்கு பெரிய நகரங்களில் ஆண்களுக்கென்று தனியாக அரசுப் பணத்தில் இடம் ஒதுக்கினார்கள், பெண்களின் காப்பகங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. இன்னொரு உண்மையும் உண்டு. பெண்களுக்கான காப்பகங்களைப் பெண்கள்தான் கையிலிருந்த காசைப் போட்டு ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு ஏன் இல்லை என்று வாயால் மட்டும் கேட்கும் ஆண்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ஒரு நண்பர் வந்து "வீட்டில் அடிக்கிறாள்" என்றோ "அடிக்கிறான்" என்றோ சொன்னால் என்ன செய்வது?

"நீ என்ன பண்ணினே?" என்று தொடங்காதீர்கள். பெண்ணிடம் "ஏன் இன்னும் கூட இருக்கே?" என்றும் ஆணிடம் "நீ ஒரு ஆம்பளை, திருப்பி ரெண்டு விட வேண்டியதுதானே?" என்றும் கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது யோசனையைக் கேட்டுத் திருப்பி அடித்தால், காவலர்கள் வரும்போது யாரைக் கூட்டிப் போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா, குழந்தைகள் எங்கே, காசும் முக்கியமான காகிதங்களும் யார் கையில் என்று கேளுங்கள். காயத்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், கீழே விழுந்தேன் என்று பொய் சொல்லாமல். தேதியோடு படம் எடுத்து வீட்டுக்கு வெளியே எங்காவது வைக்கச் சொல்லுங்கள். அவர் அன்றைக்கே வெளியேற மாட்டார், அநேகமாகத் திரும்பிப் போவார், அதற்காகக் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள்.

இவ்வளவையும் அன்று செய்யும் பக்குவம் எனக்கு இருந்திருக்காது. ஆனால் மற்றவர்கள் பூனையைப் பற்றிச் சிரித்து முடித்து நகர்ந்த பிறகு, கை கழுவும் இடத்தில் நானும் அவரும் மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம். "தண்ணி பட்டா எரியுமே, மருந்து போட்டீங்களா?" என்று கேட்டிருக்கலாம்.